புலி நடக்கும் வழியும் குடியானவர் நிலமும்

பொலிகாளையை நெடுங்காலம் ஒரே மந்தையில் வைத்திருக்கலாகாது என்பதைக் கால்நடை வளர்க்கும் குடியானவர் யாவரும் அறிவர். சில வருஷங்களுக்கு ஒரு முறை அதை வேற்றூர்க் காளையுடன் மாற்றிக்கொள்ளாவிடில், அது தனக்குப் பிறந்த கிடாரிகளோடேயே சேரும்படி நேரிடும். அவ்வாறு பிறக்கும் கன்றுகள் வரவர உயரம் குன்றியும், நோய்க்கு எளிதில் இலக்காகியும், உரிய காலத்தில் சினை பிடிக்காமலும் போக, மந்தை முழுவதுமே சில தலைமுறைகளில் க்ஷீணித்துவிடும். வெள்ளாட்டுப் பட்டியிலும் இதே கதைதான். வீட்டு மிருகங்களுக்கு இம்மாற்றத்தைச் செய்துவைக்க மனிதன் இருக்கிறான். காட்டு மிருகங்களுக்கு அதைச் செய்துவைப்பவை அவற்றின் கால்களே. ஒரு காட்டில் பிறந்த ஆண்புலி நடந்து சென்று வேறொரு காட்டை அடைந்து, அங்குள்ள பெண்புலிகளுடன் கூடினால்தான் அவ்விரு காடுகளின் புலிகளும் வீரியம் குன்றாமல் இருக்கும். நடக்க வழி இல்லையேல், எவ்வளவு பாதுகாப்பான காடாயினும் அது நாளடைவில் வேலியடைத்த பட்டியாகிவிடும்.

இவ்வழிகள் நடுக்காட்டில் இருந்தால் விவசாயப் பத்திரிகையில் அவற்றைப்பற்றி எழுதப் பிரமேயமே இல்லை. அவை பெரும்பாலும் ஒரு சரணாலயம் முடிந்து மற்றொன்று தொடங்கும் இடைவெளியில், பட்டா நிலங்களின் ஓரத்திலும், புறம்போக்கிலும், ஓடைக்கரைகளிலும், ரஸ்தாக்களின் குறுக்கேயும் அமைந்திருக்கின்றன. அவை திறந்திருப்பதும் அடைபடுவதும் வன இலாகாவின் கையில் மட்டும் இல்லை. நிலத்தை எவ்விதம் உபயோகிப்பது என்று தீர்மானிக்கும் சொந்தக்காரர் கையிலும், அந்த உபயோகம் மாறும்போது முதலில் ஸ்தலத்தைப் பார்த்து அறிக்கை எழுதும் கிராம அதிகாரி கையிலும் அப்பொறுப்பில் பாதிக்கு மேல் இருக்கிறது.

புலிக்கு வேண்டிய இடம்

புலியைப்பற்றிய கதைகள் அநேகம். ஆனால் அதன் வாழ்க்கைக் கணக்கு சுலபமானது. மானும் காட்டெருமையும் நிறைந்த காட்டில் ஒரு பெண்புலிக்கு ஏறக்குறைய 6 முதல் 8 சதுர மைல் பரப்புப் போதும். இரை குறைந்த காட்டில் இதைப்போல் பல மடங்கு வேண்டியிருக்கும். ஓர் ஆண்புலி இரண்டு மூன்று பெண்புலிகளின் எல்லைகளைச் சேர்த்துத் தன் ஆட்சியில் வைத்துக்கொள்ளும். ஒரு புலி வருஷத்திற்குச் சுமார் 50 பெரிய மிருகங்களைக் கொன்று தின்கிறது. மந்தையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் மந்தையே குறையத் தொடங்குமாதலால், ஒரு புலி நிலையாக வாழச் சுமார் 500 மான் முதலிய பிராணிகள் அதன் எல்லைக்குள் இருக்கவேண்டும். முதலைத் தொடாமல் வட்டியைக் கொண்டு ஜீவனம் செய்வதை ஒத்தது இது.

குட்டிகள் இரண்டு வயதை நெருங்கும்போது தாயை விட்டுப் பிரிகின்றன. பெண்குட்டிகள் பெரும்பாலும் தாயின் எல்லைக்கு அருகிலேயே இடம் பிடிக்கின்றன. ஆண்குட்டிகளோ மூத்த ஆண்புலிகளுக்கு அஞ்சித் தூரதேசம் போகின்றன. எனவே காட்டுக்குக் காடு இரத்தத்தைக் கொண்டுசெல்வன பெரும்பாலும் இவ்விளம் ஆண்புலிகளே. கல்யாணமாகாத வாலிபர் பிழைப்புத் தேடி ஊரைவிட்டுப் போவதுபோலப் போகும் இவற்றிற்கு, போகும் திசையும் தெரியாது. போய்ச் சேருமிடத்தில் என்ன இருக்கும் என்பதும் தெரியாது. மகாராஷ்டிரத்தின் திப்பேஸ்வர் சரணாலயத்தில் பிறந்த ஓர் இளம் ஆண்புலி, கழுத்தில் ரேடியோப் பட்டையுடன் 2019-ஆம் வருஷத்தில் புறப்பட்டு, அம்மாநிலத்தின் பல ஜில்லாக்களையும் தெலங்கானாவின் ஒரு பகுதியையும் சுற்றி, முடிவில் ஞானகங்கா சரணாலயத்தை அடைந்தது. பட்டை கழற்றப்படுவதற்குள் அது நடந்த தூரம் 1,800 மைலுக்கு மேல். பகலில் பதுங்கி, இரவில் நடந்து, வயல்களையும் ஓடைகளையும் நெடுஞ்சாலைகளையும் அது கடந்தது. எத்தனையோ கிராமங்களின் ஓரமாகப் போயும், அங்கிருந்தவருள் பெரும்பாலோர் அது போனதை அறியவேயில்லை. ஆனால் அது போய்ச் சேர்ந்த காட்டில் ஒரு பெண்புலியும் இல்லை. வழி இருந்தது, சேர வேண்டிய இடத்துக்கு அது போகவில்லை.

தனித்துப்போன காட்டின் கதி எத்தகையது என்பதற்கு உதாரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஒடிசாவின் சிமிலிபால் காடு சுற்றிலும் உள்ள புலிக்காடுகளிலிருந்து நெடுங்காலமாகத் துண்டிக்கப்பட்டது. அங்குள்ள புலிகளில் பல, கோடுகள் அகன்று ஒன்றோடொன்று கலந்து, பார்வைக்குக் கரும்புலிகளாகவே தோன்றுகின்றன. 2022-ஆம் வருஷக் கணக்கில் அங்கிருந்த 16 புலிகளுள் 10 அவ்வாறானவை. இது ஒரே ஒரு மரபணுவின் மாறுதலால் உண்டாவதென்றும், ஒரு சில புலிகளின் சந்ததியே தமக்குள் கூடிப் பெருகியதால் அம்மாறுதல் அங்கு இவ்வளவு பரவிற்றென்றும் 2021-இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. யாத்ரீகர்களுக்கு அது வேடிக்கை; மந்தை வளர்க்கும் குடியானவருக்கு அதன் பொருள் விளங்கும். 2024-ஆம் வருஷத்தில் மகாராஷ்டிரத்திலிருந்து இரண்டு பெண்புலிகளை வண்டியேற்றி அங்கே கொண்டுபோய் விட்டனர். அவற்றுள் ஒன்று அக்காட்டில் தங்காமல் ஜார்க்கண்டையும் கடந்து மேற்கு வங்காளத்துக்குப் போய்விட்டது. அவ்வருஷக் கடைசியில் மயக்க ஊசி போட்டு அதைப் பிடித்துத் திரும்பக் கொண்டுவரவேண்டியதாயிற்று. ராஜஸ்தானத்தின் சரிஸ்காக் காட்டிலோ, திருட்டு வேட்டையால் 2004-ஆம் வருஷ முடிவுக்குள் புலிகள் அடியோடு அழிந்தன. அக்கம்பக்கத்திலிருந்து நடந்து வந்து அந்த இடத்தை நிரப்பப் புலி ஏதும் இல்லாமையால், 2008-இல் ரந்தம்போரிலிருந்து ஹெலிகாப்டரில் புலிகளைக் கொண்டுவந்தார்கள். கால்களால் செலவின்றி நடந்திருக்கக்கூடிய காரியம் அது.

நமது பக்கத்துக் காடுகள்

நமது காடுகளின் நிலைமை இதற்கு நேர்மாறாக இதுவரை நன்றாகவே இருந்துவந்திருக்கிறது. முதுமலை, பந்திப்பூர், நாகரஹோளே, வயநாடு, சத்தியமங்கலம், பிலிகிரிரங்கன் மலை ஆகிய காடுகள் மூன்று மாநிலங்களுக்குச் சொந்தமாயினும் புலிக்கு ஒரே காடு. உலகிலேயே ஒரு தொடர்ச்சியில் மிக அதிகமான புலிகள் உள்ள பிரதேசம் இதுவே. 2022-ஆம் வருஷக் கணக்குப்படி பந்திப்பூரில் 150-ம், நாகரஹோளேயில் 141-ம், முதுமலையில் 114-ம், சத்தியமங்கலத்தில் 85-ம் இருந்தன. தமிழ்நாடு முழுவதிலும் 2006-இல் 76 ஆக இருந்த எண்ணிக்கை 2022-இல் 306 ஆயிற்று. தேசம் முழுவதற்கும் 2006-இல் 1,411 ஆக இருந்தது 2022-இல் 3,682 ஆகியது.

இந்தப் பெருக்கத்தைக் கண்டு, புலிகள் போதுமான அளவுக்கு இருக்கின்றனவே, வழியைப்பற்றி இனிக் கவலை ஏன் என்று சிலர் கேட்கிறார்கள். அவர்கள் இன்னொரு கணக்கையும் பார்க்கவேண்டும். சந்ததி விட்டுப் போகாமல் புலிகள் ஒரு காட்டில் நிலைத்திருக்க, குட்டி போடும் பெண்புலிகள் 20-ஆவது அங்கு இருக்கவேண்டும். அதற்கு மனித சஞ்சாரமற்ற காடு 300 முதல் 400 சதுர மைல் வரை தேவை என்பது நிபுணர்களின் மதிப்பு. முதுமலையின் உட்காடு 124 சதுர மைல்தான். அதைத் தனியே வெட்டி எடுத்து வைத்தால், எத்தனை காவலர்களைப் போட்டாலும் அங்கே புலிகள் நூறு வருஷம் நிற்கமாட்டா. முதுமலையில் புலிகள் செழித்திருப்பதற்குக் காரணம் முதுமலை மட்டுமன்று. வடக்கே பந்திப்பூரும் மேற்கே வயநாடும் கிழக்கே சீகூரும் திறந்திருப்பதே.

சீகூர்ப் பக்கத்தைச் சற்று விவரமாகச் சொல்லவேண்டும். நீலகிரியின் வடசரிவு இறங்கியவுடன், மலையடிவாரத்துக்கும் மாயாற்றின் ஆழ்ந்த பள்ளத்துக்கும் நடுவே கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறது சீகூர்ப் பீடபூமி. ஒருபுறம் ஏறமுடியாத மலை. மறுபுறம் பல இடங்களில் இறங்கமுடியாத கிடங்கு. மேற்குத்தொடர்ச்சி மலையின் மிருகங்கள் கிழக்குத்தொடர்ச்சி மலைப்பக்கம் போகவும் வரவும் இந்த ஒடுங்கிய இடமே வாசல். பைக்காரா மின்சாரத் திட்டம் 1932-இல் சிங்காராவில் வேலை செய்யத் தொடங்கியது. மின்சாரத் திட்டங்களின் குழாய்களும் கால்வாய்களும் அன்று முதல் இவ்வாசலின் குறுக்கே பரவலாயின. பின்னர் மசினகுடி, மாவனல்லா, வாழைத்தோட்டம், பொக்காபுரம் முதலிய ஊர்களில் குடியும் பயிரும் பெருகின. கடைசியாக உல்லாசப் பிரயாணிகளுக்கான விடுதிகள் வந்தன. பயிர் செய்யும் நிலத்தை மிருகம் இரவிலாவது கடந்து போகும். விளக்கும் சங்கீதமும் மின்வேலியுமாக விடியவிடிய விழித்திருக்கும் விடுதியைக் கடப்பதில்லை. இந்த வித்தியாசத்தை அதிகாரிகளும் சிலசமயம் மறந்துவிடுகிறார்கள்.

2010-இல் தமிழ்நாடு சர்க்கார் இவ்விடத்தை யானை வழியாக அறிவித்தது. 2011-இல் சென்னை உயர்நீதிமன்றமும், 2020 அக்டோபரில் உச்சநீதிமன்றமும் அவ்வறிவிப்பை நிலைநிறுத்தின. இடையில் 2018-இல் உச்சநீதிமன்ற உத்தரவின்மேல் பல விடுதிகள் பூட்டி முத்திரையிடப்பட்டன. யானைக்காக எழுதப்பட்ட உத்தரவாயினும் பலன் புலிக்கும் உண்டு; யானை போகும் வழியில் மானும், மான் போகும் வழியில் புலியும் போகின்றன. எல்லைக்குள் தலைமுறைகளாகப் பயிர் செய்துவந்த சிறு நிலக்காரரும் விடுதிக்காரரோடு ஒரே கட்டில் கட்டப்பட்டனர் என்ற குறை ஒன்று உண்டு. ஆட்சேபங்களை விசாரிக்க ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் குழு நியமிக்கப்பட்டது இதன் பொருட்டே. பழைய சாகுபடியையும் புதிய கட்டடத்தையும் வேறுபடுத்திக் காட்டும் கிராமக் கணக்குகள் சரியாக இருந்திருந்தால் பாதி வழக்கு எழுந்திராது என்பது எமது அபிப்பிராயம்.

மாயாற்றைக் கடந்து கிழக்கே போனால் தலமலை, ஆசனூர், கடம்பூர்க் காடுகள். சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் 2013-இல் அமைக்கப்பட்டது. பரப்பு சுமார் 540 சதுர மைல். இதன் வடபுறத்தில் காட்டுக்கு நடுவே தீவுபோல் கிடப்பது தாளவாடி. ராகியும் மக்காச்சோளமும் கரும்பும் காய்கறியும் விளையும் இம்மேட்டு நிலத்தைச் சுற்றி எத்திசையிலும் சிறிது தூரத்தில் காடு வந்துவிடும். ஆசனூரிலிருந்து புளிஞ்சூர் வரையுள்ள காடு சத்தியமங்கலத்தையும் பிலிகிரிரங்கன் மலையையும் இணைக்கிறது. அதற்கும் கிழக்கே கேர்மாளம் வழியாக மாதேஸ்வரன் மலைக்கும், அங்கிருந்து காவேரிக் கரைக் காடுகளுக்கும் வழி தொடர்கிறது. 2022-இல் கிருஷ்ணகிரி, தருமபுரி ஜில்லாக்களில் 265 சதுர மைலுக்குக் காவேரி தெற்குச் சரணாலயமும், 2024-இல் ஈரோடு ஜில்லா அந்தியூர்ப் பக்கத்தில் 311 சதுர மைலுக்குத் தந்தை பெரியார் சரணாலயமும் ஏற்பட்டபின் இச்சங்கிலியில் விட்டுப்போயிருந்த கண்ணிகள் காகிதத்திலாவது சேர்ந்துவிட்டன. நீலகிரியிலும் சத்தியமங்கலத்திலும் இடம் கிடைக்காத இளம்புலிகள் இனிப் பரவக்கூடிய திசை இதுவே.

கர்நாடக எல்லையில், பிலிகிரிரங்கன் மலைக்கும் மாதேஸ்வரன் மலைக்கும் இடையே, எடையாரஹள்ளி – தொட்டசம்பிகே என்னும் இடத்தில் இரண்டு காடுகளையும் சேர்த்த வழி மிக ஒடுங்கியது. அதன் நடுவே இருந்த பட்டா நிலம் சுமார் 25 ஏக்கரை வனஜீவி சங்கத்தார் சிலர் சொந்தக்காரரிடம் கிரயத்துக்கு வாங்கி வன இலாகாவிடம் ஒப்புவித்தார்கள். கோர்ட்டும் இல்லை, வழக்கும் இல்லை. விற்றவர் விலையைப் பெற்றுக்கொண்டார். எல்லா இடத்திலும் இது சாத்தியமல்லவாயினும், 25 ஏக்கர் எவ்வளவு பெரிய காரியத்தைத் தடுக்கவும் திறக்கவும் வல்லது என்பதை இது காட்டுகிறது.

ரஸ்தாக்கள்

இரவில் வண்டிகள் இடைவிடாது ஓடும் ரஸ்தா மிருகங்களுக்கு மதில்போன்றது. இதற்கு இரண்டு பரிகாரங்கள் கண்டிருக்கிறார்கள். ஒன்று இரவில் போக்குவரத்தை நிறுத்துவது. பந்திப்பூர்க் காட்டைக் கடக்கும் நெடுஞ்சாலைகளில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை வாகனங்கள் தடுக்கப்பட்டன. பண்ணாரியிலிருந்து திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் காராப்பள்ளம் வரை செல்லும் சாலையில் உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2022 பிப்ரவரி 10 முதல் இரவுத் தடை அமலுக்கு வந்தது. தாளவாடிக் குடியானவர் தம் காய்கறியும் பாலும் விடியுமுன் சந்தைக்குப் போகவேண்டுமே என்று முறையிட்டனர். அது நியாயமான முறையீடு. உள்ளூர் வண்டிகளுக்குப் பின்னர்ச் சில சலுகைகளும் கிடைத்தன. ஆனால் அச்சாலையில் இரவு முழுவதும் ஓடியவற்றுள் பெரும்பகுதி வெளியூர்ச் சரக்கு லாரிகளே என்பதையும் அவர்களே அறிவர். கரும்பு ஏற்றிய லாரிகள் வழியில் கரும்பைச் சிந்துவதும், அதைத் தின்று பழகிய யானைகள் சாலையோரத்திலேயே காத்து நிற்பதும் அச்சாலையில் போவோர் அடிக்கடி காணும் காட்சி.

மற்றொரு பரிகாரம் சாலையை உயர்த்திக் கீழே வழி விடுவது. கிருஷ்ணகிரி, சேலம், மதுரை வழியாகக் கன்னியாகுமரிக்கு வரும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, வடக்கே நாகபுரிக்கு அப்பால் பெஞ்ச் புலிக்காட்டின் ஊடே செல்கிறது. பெஞ்சுக்கும் கானாவுக்கும் இடையிலான காடுகள் மத்திய இந்தியாவின் முக்கியமான புலி வழிகளுள் ஒன்று. நான்கு வண்டித்தடங்களாக அச்சாலையை அகலப்படுத்தியபோது, மகாராஷ்டிரப் பகுதியில் மிருகங்கள் கீழே கடப்பதற்கென்று 9 இடங்களில் பாலங்கள் கட்டினர். மிகச் சிறியது 50 மீட்டர். மிகப் பெரியது 750 மீட்டர். 2019-இல் அவற்றின் கீழ்க் காமிராக்களைப் பொருத்திப் பார்த்ததில் 18 வகைக் காட்டுப் பிராணிகளும், அவற்றுள் வெவ்வேறான 11 புலிகளும் கடந்துபோவது பதிவாயிற்று. செலவு அதிகந்தான். ஆயினும் பாலம் ஒரு தடவைச் செலவு. அடைத்த வழியைத் திறப்பதோ பிறகு எந்தச் செலவிலும் முடிவதில்லை.

விஷம்

சட்டமும் பாலமும் ஒருபுறமிருக்க, ஒரு கைப்பிடிப் பூச்சிமருந்தால் வருஷக்கணக்கான வேலை வீணாகிறது. 2023-இல் நீலகிரியில் தன் பசுவைப் புலி கொன்ற ஆத்திரத்தில் ஒருவர் அதன் உடலில் மருந்தைக் கலக்க, இரண்டு புலிகள் மாண்டன. 2025 ஜூன் மாதத்தில் மாதேஸ்வரன் மலையில் இதேவிதமாக ஒரு தாய்ப்புலியும் அதன் நான்கு குட்டிகளும் ஒருங்கே மடிந்தன. மேலே சொன்ன சங்கிலியில் மாதேஸ்வரன் மலை எந்த இடத்தில் இருக்கிறதென்று வாசகர் நினைத்துப் பார்க்கவேண்டும். கிழக்கே காவேரிப் பக்கம் பரவ வேண்டியிருந்த ஒரு குடும்பம் ஒரே இரவில் இல்லையாயிற்று. புலிகளோடு இது நிற்பதுமில்லை. தென்னிந்தியாவில் பிணந்தின்னிக் கழுகுகள் இன்னும் கூடுகட்டி வாழும் மிகச் சில இடங்களுள் மாயாற்றுப் பள்ளத்தாக்கு முக்கியமானது. மாட்டு வைத்தியத்தில் உபயோகித்த டைக்ளோபினாக் மருந்தினால் இக்கழுகுகள் தேசமெங்கும் அழிந்ததைக் கண்டு 2006-இல் அம்மருந்து கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டது. விஷமிட்ட ஒரு மாட்டின் உடலை அவை தின்றால் எஞ்சியவற்றுக்கும் அதே முடிவு.

மாட்டை இழந்தவரின் கோபத்தை நாம் குறைவாக மதிப்பிடவில்லை. கறவைப் பசு ஒன்று போனால் சிறு குடியானவர் வீட்டில் அந்த வருஷத்துக் கணக்கே மாறிவிடுகிறது. நஷ்டஈட்டுத் தொகை கைக்கு வருமுன் எத்தனையோ தடவை நடக்கவேண்டியிருக்கிறது என்ற புகார் நெடுநாளையது. அப்புகாரில் உண்மை உண்டு. மனித உயிருக்கே ஆபத்து நேரும் சந்தர்ப்பங்களும் இல்லாமல் இல்லை. 2021-இல் கூடலூர், மசினகுடிப் பக்கங்களில் நான்கு பேரைக் கொன்ற வயது முதிர்ந்த ஆண்புலி ஒன்று பல நாட்கள் தேடப்பட்டு, அக்டோபரில் உயிருடன் பிடிபட்டு மைசூருக்கு அனுப்பப்பட்டது. எல்லையை இழந்த கிழப்புலியும் காயம்பட்ட புலியுமே பெரும்பாலும் இவ்விதம் ஊர்ப்பக்கம் தங்கிவிடுகின்றன. வழிநடைப் புலி தங்குவதில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கிராமத்தார் தெரிந்துகொள்வது நலம். ஓர் இரவு வரப்பில் காலடி கண்டவுடன் ஊர்கூடித் துரத்துவதால், கடந்துபோக இருந்த மிருகம் வழி தவறிக் கரும்புத் தோட்டத்தில் புகுந்து விபத்துக்கு இடமாகிறது.

மேய்ச்சல் விஷயம் இதைவிடச் சிக்கலானது. அந்தியூர் மலையில் பர்கூர் மாடுகளைப் பட்டி போட்டுக் காட்டிலேயே மேய்ப்பது நெடுநாளைய வழக்கம். செம்மை நிறத்தில் வெள்ளைத் திட்டுக்களோடு கூடிய அவ்வினம் அக்காட்டின் மேய்ச்சலாலேயே உருவானது. 2022-இல் உயர்நீதிமன்றம் காட்டு மேய்ச்சலைத் தடுத்துப் பின்னர் அத்தடையைச் சரணாலயம், தேசிய பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவற்றின் அளவில் நிறுத்தியது. சரணாலயம் புதிதாக ஏற்பட்ட இடத்தில் பட்டிக்காரர்களுக்குக் கலக்கம் உண்டானது இயற்கையே. மிதமிஞ்சிய மந்தை மானின் புல்லைத் தின்றுவிடும், மானில்லாத காட்டில் புலி மாட்டைத் தேடும் என்பது மெய். ஆனால் மந்தை முழுவதையும் ஒரே நாளில் வெளியேற்றினால் நாம் இழப்பது ஓர் உயர்ந்த மாட்டினத்தையும், காட்டில் தீ முதலியவற்றை முதலில் கண்டு சொல்லும் மனிதரையும். 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தின்கீழ் மேய்ச்சல் உரிமை கோரிப் பெற வழி இருக்கிறது. எந்தப் பட்டி எவ்விடத்தில் எத்தனை மாடுகளுடன் எத்தனை காலமாக இருக்கிறதென்பதைக் கிராம சபையார் எழுத்தில் கொண்டுவருவது முதல் வேலை. வெளியூர் வியாபாரிகள் சேர்த்துவிடும் மாடுகளை அதிலிருந்து நீக்கிக் காட்டினால் பட்டிக்காரரின் கட்சி வலுக்கும்.

கிராமத்தில் செய்யத்தக்கவை

வனஜீவிச் சட்டத்துக்கு 2006-இல் செய்த திருத்தத்தின்படி, புலிகள் காப்பகங்களை ஒன்றோடொன்று இணைக்கும் நிலங்களை, பொதுநன்மைக்காகவும் தேசிய வனஜீவி வாரியத்தின் சம்மதத்தோடும் அன்றி, அவற்றின் இயற்கைக்கு ஒவ்வாத உபயோகத்துக்கு மாற்றலாகாது. தேசிய புலிகள் பாதுகாப்பு ஆணையத்தார் 2014-இல் தேசம் முழுவதிலும் இத்தகைய முக்கியமான வழிகள் 32-ஐக் குறித்து அறிக்கை வெளியிட்டனர். கிராம அதிகாரியின் மேஜைக்கு மனைப்பிரிவு, விடுதி, கல்குவாரி ஆகியவற்றுக்கான மனு வரும்போது, ஸர்வே எண்ணோடு கூட அந்நிலம் காட்டின் இரு துண்டுகளுக்கு நடுவே இருக்கிறதா, ஓடைக்கரை அதில் அடங்குகிறதா என்பதையும் அறிக்கையில் ஒரு வரி எழுதினால் போதும். அந்த ஒரு வரி இல்லாத குறையால் பின்னால் கோர்ட்டில் வருஷங்கள் கழிகின்றன. ஓடைப் புறம்போக்கு விஷயத்தில் விசேஷ ஜாக்கிரதை வேண்டும். புலி முதலில் தேர்ந்தெடுப்பது நிழலும் தண்ணீருமுள்ள ஓடைக்கரையையே.

வழியிலுள்ள நிலத்தில் பயிர் செய்வது குற்றமல்ல. தரிசாகப் போடவும் வேண்டியதில்லை. ராகி, மக்காச்சோள வயலைப் புலி இரவில் சலனமின்றிக் கடந்துவிடும். இடைஞ்சல் செய்வன இடைவெளியில்லாத நீண்ட வேலிகளும் இரவு முழுவதும் எரியும் பிரகாசமான விளக்குகளுமே. வேலி போடுவோர் பயிரை மட்டும் சுற்றிப் போட்டு, அடுத்தவர் வேலிக்கும் தம் வேலிக்கும் நடுவே ஓடையோரமாகச் சந்து விடுவது நல்லது. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் பாய்ச்சுவது கொலைக் கருவி. அதில் மிருகங்களேயன்றி மனிதரும் மாண்டிருக்கின்றனர். காப்புக்காடுகளை அடுத்த நிலங்களில் மின்வேலிக்குப் பதிவு அவசியமென்று தமிழ்நாட்டில் 2023-இல் விதிகள் ஏற்பட்டன. விட்டுவிட்டு அதிரும் சூரியசக்தி வேலி ஒன்றே அனுமதிக்கத்தக்கது.

காட்டினுள் உண்ணிச்செடியும் ஓடைப்பக்கம் சீமைக்கருவேலும் மண்டி மானுக்குப் புல் இல்லாமல் செய்கின்றன. இவற்றை வேருடன் களைய வன இலாகாவார் ஆள் தேடும்போது, அடுத்த கிராமத்தார் முந்திக்கொள்ள வேண்டும். கூலியும் கிடைக்கும், மானும் வயலுக்கு வருவது குறையும்.

மாடுகளை மாலையில் இருட்டுமுன் ஓட்டி வந்து, ஆளுயரத்துக்கு முள்ளோ கல்லோ வைத்துக் கட்டிய தொழுவத்தில் அடைத்தால் அநேக நஷ்டங்கள் நேரா. தப்பித்தவறி மாடு அடிபட்டால் உடலை அவ்விடத்தை விட்டு நகர்த்தலாகாது. தோலை உரிக்கவும் கூடாது. கால்தடங்கள் கலையாமல் கிளைகளைச் சுற்றிலும் போட்டு, அன்றைக்கே வனச்சரகருக்கும் கிராம அதிகாரிக்கும் தெரிவித்து, கால்நடை மருத்துவர் வந்து பார்த்துச் சான்று எழுதும்வரை காத்திருக்க வேண்டும். மனுவில் மாட்டின் வயது, ஈற்று, கறவை அளவு ஆகியவற்றைக் குறிப்பிட்டால் விசாரணை வளராது. விசாரணை முடிந்தபின் உடலைப் புதைக்க அவசரப்படாமல், வனச்சரகர் ஆட்சேபிக்காவிடில் அது ஊருக்கும் தண்ணீருக்கும் விலகியிருக்கும் பட்சத்தில் அங்கேயே விட்டுவிடுவது நல்லது. தான் கொன்றதைத் தின்று முடிக்கவிடாமல் எடுத்துவிட்டால், பசியோடிருக்கும் புலி மறுநாள் அடுத்த வீட்டு மாட்டைத் தேடி வரும்.